10 மீட்டர் ஏர் ரைஃபிள்: பேரலுக்கு ஏற்ற பெல்லட் லாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அதிகம் கேட்கும் கேள்வி, "எந்தக் கம்பெனி பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு ஈயக் குண்டு) நல்லது?" என்பது. அதற்குப் பதில் கிடையாது. ஒரே கம்பெனி, ஒரே டப்பா வடிவம், ஒரே தலை அளவு (பெல்லட்டின் முன்பக்க விட்டம்) என்றாலும் லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், மாறினால் குழு (ஒரே குறியில் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) மாறுகிறது. ஒரு பேரலில் (துப்பாக்கிக் குழலில்) ஒரே ஓட்டையாக விழுகிற லாட், அதே மாடலின் அடுத்த பேரலில் சிதறலாம். ஆகவே தேட வேண்டியது நல்ல பெல்லட்டை அல்ல, கையில் இருக்கும் பேரலுக்குப் பொருந்துகிற லாட்டை. அதைக் கண்டுபிடிக்கும் முறையும், அதில் ஏமாறுகிற இடங்களும்தான் இந்தப் பதிவு. எடுத்துக்கொண்டது 200 பார் காற்று சிலிண்டரில் இயங்கும் மேட்ச் ரைஃபிள். வால்தர் எல்.ஜி.400, ஃபைன்வெர்க்பாவ் 800 போன்ற எதற்கும் இது பொருந்தும்.

முதலில் கணக்கு. இலக்கில் 10-ஆம் வளையம் என்பது 0.5 மி.மீ புள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0. அதாவது பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ வரை விலகலாம். அந்த 2.5 மி.மீட்டரைப் பத்தாகப் பிரித்தால் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.25 மி.மீ. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கின் பெண்கள் தகுதிச் சுற்றில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் எடுத்தது 630.7, பத்தாவது இடம். ஐந்தாவதாக வந்து இறுதிக்குப் போன ரமிதா ஜிண்டால் எடுத்தது 631.5. இடைவெளி 0.8 புள்ளி. அறுபது ஷாட்டுக்குப் பங்கிட்டால், ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக 0.03 மி.மீ. அந்த மட்டத்தில் பெல்லட்டை யோசிக்காமல் வாங்க முடியாது.

எல்லா மட்டத்திலும் இது ஒரே அளவுக்கு முக்கியமா? அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிதறலை சிக்மா என்ற ஒற்றை எண்ணால் குறிப்போம். கிடைமட்டத்திலும் செங்குத்திலும் தனித்தனியாகப் பார்த்தால் கிடைக்கிற வழக்கமான விலகல் அது. கையின் சிதறலும் பெல்லட்டின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களும் கூடி, அதன் வர்க்கமூலம்தான் மொத்தம். 0.3 மி.மீ சிக்மா உள்ள லாட், கிளாம்பில் (ரைஃபிளை அசையாமல் பிடிக்கும் பிடியில்) வைத்துச் சுட்டால் பத்து ஷாட்டுக்கு வெளிவிளிம்பு அளவில் சுமார் 5.6 மி.மீ குழு தரும். 0.6 உள்ள லாட் சுமார் 6.8 மி.மீ தரும். கையின் சிக்மா 0.85 மி.மீ உள்ளவர் முதல் லாட்டில் ஏறத்தாழ 630 எடுப்பார், இரண்டாவதில் 626-க்கும் கீழே போவார். கை 1.2 மி.மீ என்றால் சுமார் 620-க்கும் 616.5-க்கும் உள்ள வித்தியாசம். கை இன்னும் 3 மி.மீ அலைகிற தொடக்கநிலையில் இழப்பு ஒன்றேகால் புள்ளிதான். 570 தாண்டாத பிள்ளைக்கு ஐந்து லாட் வாங்கிச் சோதிக்கச் சொல்லும் பெற்றோரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்: அந்தப் பணத்தைப் பயிற்சிக்கு வையுங்கள்.

சோதனைக்கு வேண்டியவை

பெல்லட்டைப் பொறுத்தவரை 0.53 கிராம் எடையுள்ள ரைஃபிள் வகைதான் தொடக்கப்புள்ளி. ஆர்.டபிள்யூ.எஸ் ஆர்10 மேட்ச், எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டிலும் இந்த எடை உண்டு. 0.45 கிராம் ஆர்10, பிஸ்டலுக்கானது. டப்பா ஒன்றுபோல் இருப்பதால் கடையில் மாறி வந்துவிடும், எடையைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். தலை அளவு 4.48-இலிருந்து 4.52 மி.மீ வரை அச்சிட்டு வரும். ஒரே அளவில் ஐந்து டப்பா வாங்குவதைவிட, 4.49, 4.50, 4.51 எனக் கலந்து, வேறுவேறு லாட் எண்ணில் ஐந்து டப்பா எடுப்பது மேல். டப்பாவின் அடியிலோ பக்கத்திலோ உள்ள ஸ்டிக்கரைக் கிழித்துவிடக் கூடாது. அதில் உள்ள லாட் எண்தான் கடைசியில் தேவைப்படும்.

தலை அளவை வெர்னியரால் அளந்து பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். ஈயம் அந்த அழுத்தத்துக்கே நசுங்கும், 0.01 மி.மீ வித்தியாசத்தைத் தேடுகிற இடத்தில் அந்த அளவுக்குப் பொருளில்லை.

இவற்றோடு கிளாம்ப், பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப், 0.001 கிராம் காட்டும் எடைக்கருவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், துப்புரவுக்கான ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துண்டு), தடித்த மேட்ச் இலக்கு அட்டை, 600 டி.பி.ஐ ஸ்கேனர். ஸ்கேனரில் ஒரு புள்ளி 0.042 மி.மீ வருகிறது, இந்த வேலைக்கு அது போதும். சாதாரணத் தாள் உதவாது. தட்டைத்தலை பெல்லட் மேட்ச் அட்டையில் சுத்தமான வட்டமாக வெட்டும். நோட்டுத் தாளில் கிழித்துக்கொண்டு போகும், மையம் எங்கே என்று தெரியாது.

ரைஃபிளை முதலில் சரிபார்த்தல்

பெல்லட்டைக் குறை சொல்வதற்குமுன் ரைஃபிள் நேர்மையாக இருக்க வேண்டும். ஸ்டாக் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை) திருகுகள், பேரல் பிடிப்புத் திருகுகள் ஆகியவற்றை அந்த ரைஃபிளின் கையேடு சொல்லும் முறுக்கு அளவில் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கையால் "நல்லா இறுகிடுச்சு" என்ற கணக்கு ஒவ்வொரு முறையும் மாறும்.

அடுத்து பேரலின் முனையில் உள்ள நீட்டிப்புக் குழாய். இதைக் கழற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. உள்ளே ஈயத் துகள் படிந்து ஒரு பக்கம் தடித்தாலோ, குழாய் கோணலாக உட்கார்ந்தாலோ, வெளியேறும் பெல்லட்டும் அதைச் சுற்றி வரும் காற்றும் சமச்சீர் இழக்கும். பத்தில் ஒன்று காரணமின்றி வெளியே ஓடுவதற்கு இது பழைய காரணம். உலர்ந்த துணியால் துடைத்து, நேராகப் பொருத்தி, வெளிச்சத்தில் உள்ளே பார்த்தால் போதும்.

பேரலைச் சுத்தம் செய்ய ஃபெல்ட்டை மெல்லிய நைலான் நூலில் கோர்த்து, பெல்லட் போகும் திசையிலேயே, பின்னிருந்து முனைக்கு இழுக்க வேண்டும். முனைப்பக்கமிருந்து கம்பியை நுழைத்தால் முனை விளிம்பில் கீறல் விழும். அந்த விளிம்புதான் பெல்லட்டைக் கடைசியாகத் தொடும் இடம். உயர் அழுத்தக் காற்று போகும் பாதையில் பெட்ரோலிய எண்ணெய் ஒருபோதும் கூடாது. அழுத்தக் காற்றில் அது எரியும். கரைப்பான் ஓ-ரிங்கை (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை) ஊதவைக்கும். உலர் ஃபெல்ட் மூன்று நான்கு, கடைசியானது ஏறக்குறைய வெள்ளையாக வரும் வரை, அவ்வளவே. பளபளவென்று துடைத்த பேரல் முதல் சில ஷாட்டில் தாறுமாறாகப் போகும். ஈயமும் பெல்லட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சும் மீண்டும் படியும் வரை அது நிதானத்துக்கு வராது. பத்து ஷாட் விட்டபிறகே கணக்கு தொடங்க வேண்டும்.

பின் குரோனோகிராஃப். மேட்ச் ரைஃபிள்கள் பெரும்பாலும் விநாடிக்கு 170 மீட்டர் அளவில் வைத்து வருகின்றன. 10 மீட்டரில் பெல்லட் சுமார் 18 மி.மீ இறங்குகிறது. வேகம் விநாடிக்கு 1 மீட்டர் மாறினால் விழும் இடம் 0.2 மி.மீ மேலோ கீழோ போகும், ஏறத்தாழ 0.1 புள்ளி. எனவே பத்து ஷாட்டில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இடையே 2, 3 மீட்டர் என்றால் நலம். 5 தாண்டினால் லாட் சோதனையை நிறுத்திவிட்டு காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரையும் பின்பக்க ஓ-ரிங்கையும் பார்க்க வேண்டும். ரெகுலேட்டர் கசிவதைப் பிடிக்க எளிய வழி உண்டு: பத்து ஷாட் விட்டு, பத்து நிமிடம் சும்மா வைத்து, மறுபடி ஒன்று சுடுவது. அந்த முதல் ஷாட் மட்டும் தெளிவாக வேகம் மாறினால், ஓய்வில் அழுத்தம் ஊர்கிறது என்று பொருள். இப்படிப்பட்ட ரைஃபிளில் எந்த லாட்டும் செங்குத்தாக நீளும். பழி பெல்லட்டின் மேல் விழும்.

கிளாம்ப்

கிளாம்பின் வேலை ஒன்றே: ஒவ்வொரு ஷாட்டுக்கும் பேரலை அதே இடத்தில் வைத்திருப்பது. பிடிக்க வேண்டியது ஸ்டாக்கின் அடி ரெயிலையோ, ஸ்டாக்கைக் கழற்றிய பின் ரிசீவரையோ (பேரல் பொருந்தியிருக்கும் உடற்பகுதி). பேரலைப் பிடித்தால் பேரல் வளையும். காற்று சிலிண்டரைப் பிடிப்பது ஆபத்து; அது அழுத்தக் கலன், வைஸில் நசுக்கும் பொருள் அல்ல. அடிப்படை சுவரோடு அல்லது காங்கிரீட் தரையோடு போல்ட் போட்டதாக இருக்க வேண்டும். மர மேசையில் கையை ஊன்றி பெல்லட் ஏற்றும்போதே மேசை அசையும். அசைவைக் கண்டுபிடிக்க, ரிசீவரில் ஒரு லேசர் விளக்கைக் கட்டி, இலக்கின் ஓரத்தில் ஒளி விழும் இடத்தைப் பென்சிலால் குறித்துவைக்கலாம். குழு முடிந்தபின் ஒளி குறியில் இல்லையென்றால் அந்தக் குழுவே செல்லாது.

கிளாம்ப் கிடைக்காதவர்கள் முன்னும் பின்னும் மணல் மூட்டை வைத்து உட்கார்ந்து சுடலாம். முன் மூட்டை ஸ்டாக்கின் கீழேதான், பேரல் அல்லது சிலிண்டரின் கீழே அல்ல. இதில் கண்ணின் பிழையும் சேர்வதால் சின்ன வித்தியாசங்கள் மறைந்துபோகும். குழுக்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால்தான் ஏதாவது சொல்ல முடியும். மின்விசிறியை இரண்டு முறையிலும் நிறுத்த வேண்டும்.

சுடும் வரிசை

பெரும்பாலானோர் தவறு செய்வது இங்கேதான்: ஒவ்வொரு டப்பாவிலும் ஐந்து சுட்டு, எது சின்னதாக இருக்கிறதோ அதை வாங்குவது. ஐந்து ஷாட் குழுவின் அளவு, அதே பெல்லட்டில், அதே கிளாம்பில், தற்செயலாகவே கால் பங்கு வரை கூடவும் குறையவும் செய்யும். மையத்திலிருந்து மையம் வரை 1.0 மி.மீ வந்த லாட்டும் 1.3 மி.மீ வந்த லாட்டும் உண்மையில் ஒன்றாகவே இருக்கலாம். இன்னொரு பொறி: ஷாட் கூடினால் குழு தானாகவே பெரிதாகும். ஐந்து ஷாட் குழுவின் சராசரி அகலம் சிக்மாவைப்போல் சுமார் 3.1 மடங்கு, பத்து ஷாட்டுக்கு 3.8, இருபதுக்கு 4.5. ஒரு லாட்டின் ஐந்து ஷாட் குழுவை இன்னொன்றின் பத்து ஷாட் குழுவோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு சொன்னால், தீர்ப்பு ஷாட் எண்ணிக்கையின் தீர்ப்பாகத்தான் இருக்கும்.

ஒரு லாட்டுக்குப் பத்து ஷாட் கொண்ட ஐந்து குழு, அதாவது 50 ஷாட், நம்பத்தக்க குறைந்த அளவு. ஐந்து லாட்டுக்கு 250. லாட் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஐந்து பெல்லட்டை வேறு அட்டையில் விட்டுவிட வேண்டும், முந்தைய லாட்டின் பூச்சு பேரலில் இருக்கும் என்பதால். இருபத்தைந்து குழுவுக்கு அதிகபட்சம் 125 பெல்லட் இப்படிச் செலவாகும். மொத்தம் 375 வரை. ஒரு லாட்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. அ, ஆ, இ, ஈ, உ என்று ஒரு சுற்று. அடுத்த சுற்று உ-இல் தொடங்கி அ-வில் முடிய வேண்டும். பிறகு மறுபடி நேர்வரிசை. அறை சூடாவது, சிலிண்டர் அழுத்தம் இறங்குவது, கிளாம்ப் மெல்லத் தளர்வது எல்லாம் அப்போதுதான் ஐந்து லாட்டுக்கும் சமமாகப் பங்காகும்.

நடுவில் சிலிண்டரை நிரப்ப வேண்டிவரும். நிரப்பும்போது சிலிண்டர் சூடாகிறது. பத்து நிமிடம் ஆறவிட்டு, மறுபடி ஐந்து ஷாட் விட்டு, பிறகே தொடர வேண்டும். மெல்ல நிரப்புவது சிலிண்டருக்கும் நல்லது. சிலிண்டரின் மேல் பொறித்த காலாவதித் தேதியை இந்த நேரத்தில் ஒருமுறை பார்த்துவிடலாம். காலம் கடந்த சிலிண்டரைச் சோதனைக்கும் எடுக்கக் கூடாது, போட்டிக்கும் கூடாது.

ஒவ்வொரு பெல்லட்டையும் தலைப்பக்கம் முன்னே இருக்க, ஏற்றும் தட்டில் நேராக வைத்து மூட வேண்டும். பின்பாவாடை (பெல்லட்டின் அகன்ற பின்விளிம்பு) தட்டின் ஓரத்தில் உரசினாலோ கீழே விழுந்தாலோ அதை ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்குவதற்கு ஒரே ஒரு விதி: சுடுவதற்குமுன் ஒதுக்கலாம். சுட்டு, ஓட்டையைப் பார்த்தபிறகு "அது உரசியதாகத்தான் ஞாபகம்" என்று கணக்கிலிருந்து நீக்கினால், ஐந்து லாட்டும் நல்ல லாட்டாகிவிடும்.

அளவு எடுத்தல்

பத்து ஷாட்டும் ஒரே ஓட்டையாகப் போனால் தனித்தனி மையம் தெரியாது. அதனால் கிளாம்பை அசைக்காமல் அட்டையை மட்டும் நகர்த்தி, ஷாட்டுக்கு ஓர் இடம் என்று சுடுவது சிறந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் அட்டை நிற்கும் நிலை துல்லியமாகத் தெரிய வேண்டுமே. அந்த வசதி இல்லாதவர்கள் மின்னணு இலக்கு தரும் எக்ஸ், ஒய் எண்களை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் வெளிவிளிம்பை அளப்பதே வழி. அப்போது 4.5-ஐ அப்படியே கழிக்கக் கூடாது, அட்டையில் ஓட்டை பெல்லட்டைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். அதே அட்டையில் தனியாக ஒரு ஷாட் விட்டு, அந்த ஓட்டையின் அகலத்தைக் கழிக்க வேண்டும்.

மையங்கள் கிடைத்தால் சராசரி ஆரத்தை, அதாவது குழுவின் நடுவிலிருந்து ஒவ்வொரு ஷாட்டும் விலகிய தூரங்களின் சராசரியை, கணக்கிடுவது மேல். குழுவின் அகலம் இரண்டு மோசமான ஷாட்டைப் பற்றி மட்டுமே பேசும். சராசரி ஆரத்தில் பத்தும் பேசும். அதுவே நேராகப் புள்ளியாகவும் மாறும்: சராசரி ஆரம் 1 மி.மீ குறைந்தால் ஷாட்டுக்கு 0.4 புள்ளி. ஐந்து குழுவின் சராசரியில் இரண்டு லாட்டுக்கு இடையே பத்து விழுக்காட்டுக்குள் வித்தியாசம் என்றால் இரண்டும் சமம் என்றே எழுதி, கடையில் எது அதிக டப்பா இருக்கிறதோ அதை எடுக்கலாம்.

குழுவின் வடிவமும் பேசும். செங்குத்தாக நீண்டால் வேகம். ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்தால் கிளாம்ப் அல்லது வெப்பம். இரண்டு தனிக் கூட்டமாகப் பிரிந்தால் முதலில் பேரல் பிடிப்புத் திருகைப் பார்க்க வேண்டும். லாட் மாறும்போது குழு முழுவதும் இடம் மாறுவது குறையே அல்ல. அதற்குத்தான் டயாப்டரில் (பின்பக்கக் குறிநோக்கியில்) கிளிக் இருக்கிறது.

எடை பார்த்துப் பிரிக்கலாமா?

இரவெல்லாம் உட்கார்ந்து பெல்லட்டை எடைபோட்டுப் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பலன் எவ்வளவு? 0.530 கிராமுக்கும் 0.535-க்கும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. காற்று தரும் ஆற்றல் மாறாது என்று கொண்டால் வேகம் அரை விழுக்காடு, விநாடிக்கு 0.8 மீட்டர் குறையும். இலக்கில் 0.17 மி.மீ. அதுவும் செங்குத்தில் மட்டும். பொருந்தாத லாட்டின் சிதறலோடு ஒப்பிட்டால் இது சிறியது. நல்ல மேட்ச் டப்பாவில் பெரும்பாலும் இந்த அளவுக்கு வேறுபாடே இருக்காது. டப்பாவிலிருந்து 50 எடுத்து எடைபோட்டு, 0.01 கிராமுக்குமேல் விலகுவது எத்தனை என்று பார்ப்பது போதும். அவ்வளவு விலகினால் உள்ளே வெற்றிடமோ, பாவாடைக்குள் ஒட்டிய ஈயச் சில்லோ இருக்கக் கூடும். எடைபோடும்போது எடைக்கருவியின் மூடியை மூட வேண்டும்; மூச்சுக் காற்றே மூன்றாம் தசமத்தை ஆட்டும்.

அந்த நேரத்தை லென்ஸுக்குக் கொடுப்பதே பயன். பாவாடையின் விளிம்பு வட்டமா, தலையின் ஓரத்தில் பிசிறு உண்டா, உள்ளே துகள் இருக்கிறதா. கண்ணாடித் தட்டைச் சற்றே சாய்த்து உருட்டிவிட்டாலும் தெரியும்: நல்லது ஒரே வளைவில் சீராக உருளும், நசுங்கியது தத்தும். போட்டிக்கு வைக்கும் நூறு பெல்லட்டுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

கழுவ வேண்டாம். தொழிற்சாலைப் பூச்சு போய்விட்டால் பேரலில் ஈயம் ஒட்டும், வேகமும் மாறும்.

வாங்கி வைத்தல்

லாட் முடிவானதும் அதே எண்ணில் ஓராண்டுக்கு வேண்டியதை வாங்கிவிட வேண்டும். ஆண்டுக்கு 20,000 ஷாட் என்றால் 500 பெல்லட் டப்பா நாற்பது. அதே தலை அளவு, வேறு லாட் என்று கடைக்காரர் கொடுத்தால் அது புதுப் பெல்லட்தான், சோதனை முதலிலிருந்து. கூட்டாக வாங்கும் அகாடமிகளும் இதைக் கவனிக்க வேண்டும். நாற்பது டப்பா ஒரே பெட்டியில் வந்தது என்பதால் ஒரே லாட் ஆகிவிடாது.

கடலோர ஊர்களில் ஈரம் பெரிய எதிரி. மூடி தளர்ந்த டப்பாவில் பெல்லட் மங்கி, மேலே வெண்பொடி பூக்கும். அது ஈயத்தின் துரு, நச்சு. பூத்ததைத் துடைத்துச் சுடக் கூடாது, ஊதவும் கூடாது. டப்பாக்களைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அடுக்கி, நிழலில் வைக்க வேண்டும். பெல்லட் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு. சிறு பிள்ளைகள் பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு ஏற்றுவதை எங்கே பார்த்தாலும் உடனே நிறுத்த வேண்டும்.

ரெகுலேட்டரைப் பிரித்து வேலை செய்தாலோ, வேகத்தை மாற்றி வைத்தாலோ, பேரலைக் கழற்றி மாட்டினாலோ, இருப்பில் உள்ள லாட்டுக்கு மறுபடி ஐந்து குழு சுட்டுப் பழைய அட்டைகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் பழைய அட்டைகளின் பின்புறம் தேதி, லாட் எண், சிலிண்டர் அழுத்தம், சராசரி வேகம் நான்கையும் எழுதிவைப்பது.